கை மாறாமல் கை சேர

கேள்வி: ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்ப அப்படி என்ன பாதுகாப்பு வேண்டும்? வாட்ஸ்அப்பில் போட்டால் போகிறது. (குடிபாலா)

பதில்: போகிறது. எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தீர்களா? அடங்கல் நகல் ஒன்றைப் பிரிண்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து என் ஃபைலைத் தேடினார். அவர் உருட்ட உருட்ட ஊரே அதில் வந்தது. ஆதார், பான், பட்டாதார் பாஸ் புத்தகம், ஒரு பெண் குழந்தையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், யாருடைய வயிற்று ஸ்கேனோ ஒன்று. அவர் கெட்டவர் இல்லை. வரிசையில் ஆள் நிற்கும்போது அழிக்க நேரம் இல்லாதவர், அவ்வளவுதான். வாட்ஸ்அப் 2016 முதல் இரு முனைக்கு நடுவே பூட்டித்தான் அனுப்புகிறது. வழியில் எவரும் படிக்க முடியாது. ஆனால் அந்த மறுமுனை எது? நாலு பேர் வந்துபோகும் கடையின் கம்ப்யூட்டர். ஃபைல் அனுப்பும்போது இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நடுவே யார் கையில் தங்குகிறது? வாங்கிக்கொள்கிறவர் நிஜமாகவே அவர்தானா? இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: அப்போ ஜெராக்ஸ் கடைக்கே போகக் கூடாதா? (நகரி)

பதில்: தாராளமாகப் போங்கள். எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை யுஐடிஏஐ தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்; அது போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள். பிரிண்ட் வந்ததும் கிளம்பிவிடாமல், "அண்ணா, அதை டெலிட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்னிலேயும்" என்று சொல்லி, அழிகிற வரை நில்லுங்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் பிறகு அழித்தாலும் கடையில் இறங்கிவிட்ட பிரதி அழியாது.

கேள்வி: என் இ-ஆதார் பிடிஎஃபுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே? (பாகாலா)

பதில்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, அடுத்துப் பிறந்த வருடம். உங்களுக்குத் தெரிந்த இந்தச் சூத்திரம் நாட்டுக்கே தெரியும். ஃபைலின் பெயராக உங்கள் பெயரையே வைத்து அனுப்புகிறீர்கள் என்றால் பாதிச் சாவியையும் கூடவே அனுப்பிவிட்டீர்கள்.

கேள்வி: கல்யாண போட்டோகிராபர் நான். இரண்டு கேமராவும் சேர்ந்து ஒரு முகூர்த்தத்துக்கு 180 ஜிபி வருகிறது. எடிட்டரின் லேப்டாப்புக்கு மாற்ற நெட்டில் ஏற்றி இறக்கினால் ராத்திரி முழுக்கப் போகிறது. பென்டிரைவில் பிரித்துப் பிரித்துப் போட்டால் எது போனது, எது போகவில்லை என்று குழம்புகிறது. (சித்தூர்)

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இதற்கு ஒரு லேன் கேபிள் போதும், நூற்றுச் சொச்சம் ரூபாய். நெட்டே வேண்டாம்.

முதலில் கணக்கு. உங்கள் இணைப்பு நொடிக்கு 30 மெகாபிட் ஏற்றும் என்று வைத்தால் 180 ஜிபி ஏறவே பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எடிட்டர் இறக்குவது அதற்குப் பிறகு. இரண்டு லேப்டாப்பிலும் கிகாபிட் லேன் போர்ட் இருந்து கேபிளால் நேரே பிணைத்தால், டிஸ்க்கும் ஈடுகொடுத்தால், நொடிக்கு 110 மெகாபைட் வரை ஓடும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். டீ குடித்து வருவதற்குள் பாதி ஆகியிருக்கும்.

ஒரு காலத்தில் இதற்குக் குறுக்குக் கம்பி போட்ட தனி கேபிள் கேட்டு அலைந்தோம். இன்றைய போர்ட்டுகள் எந்தக் கம்பி எதற்கு என்று தாமே புரிந்துகொள்கின்றன. சாதாரண கேபிளே போதும். இரண்டு முனையையும் செருகிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். நடுவில் முகவரி கொடுக்க ரவுட்டர் இல்லாததால் விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் முகவரியைச் சூட்டிக்கொள்ளும். "நோ இன்டர்நெட்" என்று மஞ்சள் முக்கோணம் வரும். பயப்படாதீர்கள், நமக்கு வேண்டியதும் அதுதான்: இந்தக் கம்பியில் உங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஆனால் ஃபைல் மாறும் வரை வைஃபையையும் அணைத்து வையுங்கள். கம்பி தனியாக இருந்து வைஃபை திறந்திருந்தால் முன்கதவைச் சாத்திப் பின்கதவைத் திறந்து வைத்த கதை.

பிறகு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்யுங்கள்; டி டிரைவ் முழுவதையும் அல்ல. படிக்க மட்டும் அனுமதி, எழுத வேண்டாம், பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். முடிந்ததும் ஷேரை நிறுத்திவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அதன் விலை என்ன என்று கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறேன்.

எது போனது, எது போகவில்லை என்ற குழப்பத்துக்கும் மருந்து இருக்கிறது. இரண்டு பக்கமும் ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, எத்தனை ஃபைல், மொத்தம் எத்தனை பைட் என்று கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள். முக்கியமான வீடியோ என்றால் இன்னும் ஒரு படி. விண்டோஸிலேயே சர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது. ஷா-256 கணக்கிடச் சொன்னால் ஃபைலைப் பிழிந்து 64 எழுத்து கொண்ட ஒரு வரி கொடுக்கும். ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இரு பக்கமும் வரி ஒன்றானால் வந்து சேர்ந்தது முழுசு. இதைப் பார்த்த பிறகுதான் கேமரா கார்டை அழிக்க வேண்டும். தாலி கட்டும் ஷாட்டை இரண்டாம் முறை எடுக்க முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: நான் ஹார்டு டிஸ்க்கை வேலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பழைய காலத்து ஆள் என்று சிரிக்கிறார்கள். (சித்தூர்)

பதில்: சிரிப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 1 டெராபைட் டிஸ்க் ஒன்றரை மணி நேரத்தில் கை சேர்ந்தால் நொடிக்குச் சுமார் 1,480 மெகாபிட் வேகம். நம் பக்கத்து வீடுகளில் அந்த வேகத்தில் நெட் யாரிடம் இருக்கிறது? குடிபாலா வழியாக ஓடுகிற அந்த பஸ்ஸை நான் மதிக்கிறேன். ஆனால் பஸ்ஸுக்குப் பூட்டு கிடையாது. டிஸ்க்கை பிட்லாக்கர் அல்லது வெராகிரிப்ட் மென்பொருளால் பூட்டி அனுப்புங்கள். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி டிஸ்க்கோடு ஒட்டாமல் போனில் சொல்லுங்கள். அங்கே திறந்து பார்த்துவிட்டேன் என்று தகவல் வரும் வரை இங்கே உள்ள பிரதியைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஷேர்இட் இன்னும் என் போனில் வேலை செய்கிறது. வைத்திருக்கலாமா? (ஸ்ரீகாளஹஸ்தி)

பதில்: வேண்டாம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஷேர்இட்டும் எக்ஸெண்டரும் இருந்தன. தடைக்குப் பிறகு எங்கிருந்தோ இறக்கிய பிரதிக்கு ஓட்டை அடைக்க ஆள் இல்லை. 2021இல் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் ஷேர்இட்டில் பெரிய ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டது. ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே கூகுளின் குயிக் ஷேர் இருக்கிறது. ஆப்பிள் சாதனங்களுக்குள் ஏர்டிராப். எல்லாவற்றுக்கும் பொதுவாக லோக்கல்சென்ட்: இலவசம், நிரல் வெளிப்படை, கணக்கு திறக்க வேண்டாம், ஒரே வைஃபையில் இருந்தால் போதும். அது ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பழத்தின் பெயரைத் தானே சூட்டும். மாம்பழ மாவட்டத்துக்குப் பிடித்துப்போகும். அனுப்பும் முன் எதிரே இருப்பவரிடம் "உங்க திரையில என்ன பழம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் அதே வைஃபையில் இருக்கலாம்.

கேள்வி: எஃப்டிபியைக் கண்டுபிடித்தது ஒரு இந்தியர் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். அது பாதுகாப்பில்லை என்றும் அவரே சொன்னார். இரண்டும் எப்படி? (பொறியியல் மாணவி, திருப்பதி)

பதில்: இரண்டும் உண்மை. அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து, எம்ஐடி போன அபய் பூஷண்தான் 1971 ஏப்ரலில் அந்த நெறிமுறையை எழுதினார். இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே மாதிரி இல்லாவிட்டாலும் ஃபைலைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்பது அன்றைய தேவை. அன்றைய கம்ப்யூட்டர் வலையில் இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும்தான், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். எல்லாரும் உறவுக்காரர்களாக இருக்கும் தெருவில் யார் பூட்டு வாங்குவார்கள்? அதனால் எஃப்டிபியில் பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஃபைல் எல்லாமே திறந்த தபால் அட்டையாகப் போயின. தெரு நகரமானது, அட்டை மட்டும் அப்படியே இருந்தது.

1995இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த ஆய்வாளர் டாட்டு இலோனென் கொதித்துப்போய், சில மாதங்களில், எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் என்பதை எழுதி இலவசமாக வெளியிட்டார். எஃப்டிபியின் கதவு எண் 21, தொலைவிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரில் நுழைய உதவும் டெல்நெட்டின் எண் 23. இரண்டுக்கும் மாற்றாக வந்த தன் படைப்புக்கு நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். நீங்கள் ஆய்வகத்தில் எஸ்எஃப்டிபி, எஸ்சிபி என்று அடிப்பதெல்லாம் அந்த 22ஆம் கதவு வழியாகத்தான் போகிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021இல் எஃப்டிபிக்கு விடைகொடுத்துவிட்டன. ஐம்பது வருடம் உழைத்த நெறிமுறை அது. அபய் பூஷண் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது.

கேள்வி: எஸ்எஃப்டிபியில் முதல் முறை போகும்போது ஏதோ நீளமான எழுத்துக்கூட்டத்தைக் காட்டி "யெஸ் ஆர் நோ" என்று கேட்கிறது. யெஸ் அடித்தால் போகிறது. அது எதற்கு? (அதே மாணவி)

பதில்: கல்லூரியில் இதை ஒரு முழு வகுப்பாக எடுத்தால் தேவலாம். எல்லாரும் யெஸ் அடிக்கும் அந்த ஒரு நொடியில்தான் முழுப் பாதுகாப்பும் நிற்கிறது.

மாங்காய்க் கணக்கில் சொல்கிறேன். நீங்கள் தோப்புக்காரர், எதிர்முனை கூழ் ஃபாக்டரி. பெட்டியில் விலைச்சீட்டை வைத்துப் பூட்டி அனுப்ப வேண்டும். ஃபாக்டரி தன் திறந்த பூட்டு ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறது, சாவி அவர்களிடமே. நீங்கள் அதைப் போட்டு அமுக்கி அனுப்பினால் வழியில் எவராலும் திறக்க முடியாது. அருமையான ஏற்பாடு. ஆனால் பூட்டு உங்களிடம் வரும் வழியிலேயே ஒருவன் அதைப் பையில் போட்டுக்கொண்டு தன் பூட்டை நீட்டினால்? நீங்கள் அவன் பூட்டைப் போட்டு அனுப்புவீர்கள். அவன் திறந்து படித்து, விலையைத் திருத்தி, ஃபாக்டரியின் பூட்டைப் போட்டு அங்கே கொடுப்பான். இரண்டு பக்கமும் பூட்டிய பெட்டியைத்தான் பார்த்தீர்கள். இரண்டு பக்கமும் ஏமாந்தீர்கள்.

அந்த நீளமான எழுத்துக்கூட்டம் பூட்டின் மேல் பொறித்த அடையாளம், கைரேகை மாதிரி. "இந்தப் பூட்டு ஃபாக்டரியுடையதுதானா, விசாரித்தீர்களா?" என்பதே கேள்வி. விசாரிக்க வேண்டிய வழி அதே இணைப்பு அல்ல, வேறு வழி. லேப் பொறுப்பாளருக்குப் போன் போட்டு, "சார், சர்வர் ஃபிங்கர்பிரின்ட் கொஞ்சம் படிங்க" என்று கேளுங்கள். அவர் படிக்க நீங்கள் திரையில் விரல் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். இரண்டு நிமிடம். ஒருமுறை செய்தால் உங்கள் கம்ப்யூட்டர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு என்றாவது பூட்டு மாறினால் அட் குறிகளால் வேலி கட்டி, பெரிய எழுத்தில் கத்தும். அப்போது நண்பர்கள் "அந்த வரியை அழிச்சிட்டு மறுபடி போ" என்பார்கள். அழிக்காதீர்கள், சர்வரை நிஜமாகவே மாற்றினார்களா என்று முதலில் அதே பொறுப்பாளரைக் கேளுங்கள்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. டிசைன் ஃபைலை வேலூர் பிரஸ்ஸுக்கு அனுப்பினால் எழுத்தெல்லாம் உடைந்து போகிறது. வழியில் யாராவது கெடுக்கிறார்களா? (டிடிபி கடைக்காரர், குடிபாலா)

பதில்: யாரும் கெடுக்கவில்லை. பாமினியிலும் அனுவிலும் அடித்த எழுத்து, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத்தான் தெரியும். ஃபான்ட்டைப் பொதிந்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மாப்பிள்ளை பெயரை ஒருமுறை போனில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஷேரை நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகிவிடும்? என் வீட்டு லேன்தானே? (பலமனேர்)

பதில்: 2017 மே 12. வானாகிரை என்ற பிணைத்தொகை வைரஸ் இரண்டொரு நாளில் 150 நாடுகளில் பரவியது. நம் நாட்டில் அடிபட்டவற்றில் ஆந்திரக் காவல் துறையின் கம்ப்யூட்டர்களும் இருந்தன. சித்தூர் மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அது எந்தக் கதவு வழியாகப் புகுந்தது தெரியுமா? விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல் பகிரும் அதே எஸ்எம்பி சேவை, 445ஆம் கதவு. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் அதுவே அக்கம்பக்கத்தில் கதவு தட்டிப் பார்த்தது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள்.

அதனால் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய எஸ்எம்பி முதல் பதிப்பு ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். ரவுட்டரில் 445ஐயும், தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் கதவான 3389ஐயும் வெளியுலகுக்குத் திறந்துவிடச் சொல்லி எந்த வீடியோ சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: அண்ணன் காட்பாடியில், நான் சித்தூரில். இரண்டு வீட்டிலும் நெட் இருக்கிறது. நடுவில் கூகுள் டிரைவ் இல்லாமல் நேரே இணைக்க முயன்றால் முடியவில்லை. ஏன்? (சித்தூர்)

பதில்: உங்கள் வீட்டுக்குத் தனி முகவரி இல்லை என்பதால். இணைய முகவரிகள் பற்றாமல் நெட் கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் குடிவைக்கின்றன. ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம் இருந்தால், உள்ளேயிருந்து தபால் போடலாம், பதிலும் வரும். வெளியாள் தானாக வந்து உங்களைக் கூப்பிட்டால் வாட்ச்மேனுக்கு யாரென்று தெரியாது. அண்ணன் வீட்டிலும் இதே கதை. வழி என்ன? இருவரும் பொதுவான ஒருவரிடம் முகவரி விசாரித்துக்கொண்டு, ஒரே சமயத்தில் இருவரும் வெளியே கூப்பிட வேண்டும். இரண்டு வாட்ச்மேனும் இதைப் பதில் தபால் என்று நினைத்து உள்ளே விடுவார்கள். சின்க்திங் என்ற இலவச மென்பொருள் இதைத் தானே செய்கிறது. நேர்வழி அமையாவிட்டால் நடுவில் ஒரு அஞ்சல் நிலையம் வழியாகப் போகும். அந்த நிலையம் பார்ப்பது பூட்டிய பெட்டியை மட்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 56 எழுத்து அடையாளம் உண்டு. இருவரும் மற்றவருடையதைச் சேர்த்தால்தான் இணைப்பே நடக்கும். அண்ணன் வீட்டுக்குத்தான் போய் வருகிறீர்களே, கியூஆர் கோடாக நேரில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஃபைல் அனுப்ப வேண்டும், எனிடெஸ்க் போட்டு நம்பர் சொல்லுங்கள் என்று பேங்க்கிலிருந்து கூப்பிட்டார்கள். (புத்தூர்)

பதில்: பேங்க் இல்லை. போனை வையுங்கள். இந்த ஏமாற்றைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்தது. நம்பர் சொல்லியிருந்தால் உங்கள் திரை அவர்கள் கையில்; இப்போதே நெட்டை அணைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை ஏபிகே ஃபைலாக வருகிறதே? (குப்பம்)

பதில்: பத்திரிகை படமாக வரும், பிடிஎஃபாக வரும். ஏபிகே என்பது உங்கள் போனுக்குள் குடியேற வருகிற செயலி. அனுப்பியவருக்குப் போன் போட்டு "உன் போனை யாரோ பிடிச்சிட்டாங்க" என்று சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா கூத்து வாத்தியார். அவர் போன பிறகு பெட்டியில் ஆறு கேசட் கிடைத்தது, எல்லாம் பாரதக் கூத்துப் பாட்டு. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன், கிட்டத்தட்ட 4 ஜிபி. சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப வேண்டும். நெட்டில் எங்கும் தங்காமல், அவள் மட்டும் கேட்கும்படி அனுப்ப முடியுமா? (குடிபாலா)

பதில்: முடியும். மெயிலில் 25 எம்பிக்கு மேல் ஏறாது, அதை விடுங்கள். பிரையன் வார்னர் என்பவர் எழுதிய மேஜிக் வார்ம்ஹோல் என்ற இலவசக் கருவி உங்களுக்குத் தோதானது. வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் நிறுவித் தருவார். தங்கை பக்கமும் ஒருவர் வேண்டும். நீங்கள் அனுப்பு என்று சொன்னதும் அது ஒரு எண்ணும் இரண்டு ஆங்கிலச் சொல்லும் கொடுக்கும். அதைத் தங்கை தன் கம்ப்யூட்டரில் அடித்தால் ஃபைல் பூட்டப்பட்டு நேரே ஓடும். வழி அமையாவிட்டால் நடுநிலையம் வழியாகப் பூட்டியபடியே கடந்து போகும், எங்கும் சேமிக்கப்படாது. இரண்டு சொல்தானே, யாராவது ஊகித்துவிட மாட்டார்களா என்று தோன்றும். 65,536 ஜோடிகளில் ஒன்று அது. ஒரு தடவை தப்பாகச் சொன்னாலே அந்தக் கோடு செத்துவிடும். உங்கள் பக்கம் தோல்வி என்று காட்டும், புதுக் கோடு எடுக்கலாம்.

அந்தச் சொற்களை வாட்ஸ்அப்பில் போடாமல் போனில் சொல்லுங்கள். உங்கள் குரல் தங்கைக்குத் தெரியும், தங்கை குரல் உங்களுக்குத் தெரியும். மேலே சொன்ன கைரேகைச் சோதனை அதிலேயே முடிந்துவிடுகிறது. இங்கே சாயங்காலம் ஏழு என்றால் அங்கே ஒன்பதரை. குழந்தைகள் தூங்கியிருப்பார்கள், அவரும் நிதானமாக உட்காருவார். ஃபைலை எம்பி3யாகச் சுருக்காமல் இப்போது இருக்கிறபடியே அனுப்புங்கள். தாளச் சத்தத்தின் கூர்மை சுருக்குவதில் தேயும். கேசட்டுகளை எறியாதீர்கள். பட்டைச் சீட்டில் அப்பாவின் கையெழுத்து இருந்தால் அதையும் போட்டோ எடுத்துக் கூடவே சேர்த்து அனுப்புங்கள்.